குழாய்க்குள் வெந்த மாவு

தண்ணீர் நிற்கிறது. தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்து, நகத்தால் கீறல் போட்டு, துவைக்கிற கல்லுக்குக் கீழே சலதாரை ஓட்டைக்குள் செருகியிருக்கிறேன். பத்து நிமிஷமாகத் தண்ணீர் அந்தக் கீறலிலேயே நிற்கிறது. ஏறவில்லை, இறங்கவில்லை. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கும் எழுபத்தொரு வயசுக்காரனைப் பக்கத்து மாடியிலிருந்து யாராவது பார்த்தால் மீன் பிடிக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். மணி பத்தே கால். பன்னிரண்டுக்குள் இது போக வேண்டும். போகாவிட்டால் ஆசிட். அது மோகனா வைத்த கெடு. மோகனா என் வீட்டின் பின்பக்கத்தில் குடியிருக்கிறாள். புருஷன் நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறான், ஏழு மாசத்தில் ஒரு பெண் குழந்தை. என் சமையலறைத் தண்ணீரும் அவள் வீட்டுத் தண்ணீரும் இந்தச் சலதாரைக்கு அடியில் சேர்ந்து, பதினைந்து அடிக் குழாயில் ஓடி, ஒரு சின்னத் தொட்டிக்குள் விழுந்து, அங்கிருந்து செப்டிக் டேங்குக்குப் போகின்றன. எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை வரவில்லை, வரும் என்று சொல்வது மட்டும் நிற்காமல் வருகிறது. அடைப்பு அந்தப் பதினைந்து அடிக்குள் எங்கேயோ. சின்னத் தொட்டியைத் திறந்தால் அந்தப் பக்கமிருந்து கம்பி விடலாம். ஆனால் அதன் மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசி முப்பது வருஷம் ஆகிறது, உடைக்க ஆள் வேண்டும். பூசியவன் நான்தான். அதை இப்போது நினைக்க வேண்டாம். காலையில் மோகனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பாலித்தீன் பையில் சுற்றிய பாட்டிலோடு வந்து நின்றாள். “பெரீப்பா, பன்னண்டு மணிக்கு ஆத்துத் தண்ணி வந்துருமுங்க. இன்னிக்கு விட்டா இன்னும் நாலு நாளாகும். குட்டியோட துணியே ஒரு அண்டா கெடக்குது. அதுக்குள்ள இது போகலீன்னா நான் இத ஊத்திருவேன், சொல்லிப்போட்டேன்.” கிணற்றுத் தண்ணீரில் துவைக்கலாமே என்றேன். “அந்த உப்புத் தண்ணில தொவச்சா குட்டிக்குத் தோலெல்லாம் திட்டுத் திட்டா செவக்குதுங்க. கடைக்காரரு சொன்னாரு, இத ஊத்துனா கல்லுகூடக் கரஞ்சு போயிருமாம்.” கல் கரையட்டும் அம்மிணி, இது கல் இல்லையே என்றேன். “பின்ன என்னங்க அது?” என்று கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

மாவு. இட்லி மாவு. அடைத்தவனும் நான்தான். வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் யோசித்துத்தான் செய்தேன், அதுதான் வெட்கம். என் மனைவி பூவாத்தாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவள் அரைத்த கணக்கில்தான் நானும் அரைக்கிறேன், நாலு தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து. பாசத்தினால் என்று கவிதாமணி போனில் அழுதாள். பாசமெல்லாம் இல்லை மகளே, அதற்குக் குறைந்தால் கிரைண்டர் கல்லில் மாவு பிடிப்பதே இல்லை, ஓரமாக ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. ஒரு ஆள் எத்தனை தின்ன முடியும். நாலாம் நாள் புளித்துப் பொங்கி மூடியைத் தூக்குகிறது. கொட்ட மனசு வரவில்லை. அப்போதுதான் டேங்கு ஞாபகம் வந்தது. இந்த வீடு கட்டி முடித்த அன்று கொத்தனார் ஒரு பக்கெட் சாணியைக் கரைத்து, கால் கிலோ வெல்லத்தைத் தட்டிப் போட்டு, டேங்குக்குள் ஊற்றினார். சாமி கும்பிடுகிற மாதிரி செய்தார். எதற்கு என்று கேட்டேன். “உள்ள உசுரு புடிக்கணுமுங்க” என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும், ஆனால் அது சரி. பால் சொசைட்டியில் முப்பத்திரண்டு வருஷம் பால் சோதித்தவனுக்கு அது புரியும். பத்தாவதோடு படிப்பு நின்றவன்தான், ஆனாலும் நீலச் சாயம் போட்ட பால் எத்தனை மணி நேரத்தில் மறுபடி வெள்ளையாகிறது என்று தினமும் பார்த்தவன். சீக்கிரம் வெள்ளையானால் உள்ளே உயிர்கள் அதிகம் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, வேலை மட்டும் தெரியும். தயிர்ப் பானையும் அதுதான், மாவுச் சட்டியும் அதுதான், டேங்கும் அதுதான் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. ஒரு வீட்டுக்குள் மூன்று பானைகள், ஒன்று மட்டும் மண்ணுக்குள். பீயையும் சோற்றுத் தண்ணீரையும் அந்தச் சின்ன உயிர்கள் தின்றுகொண்டே இருக்கின்றன, அதனால்தான் டேங்கு வருஷக்கணக்கில் நிறையாமல் இருக்கிறது. அவற்றுக்கு ஒரு வாய் புளித்த மாவு கொடுத்தால் என்ன என்று ஒரு வியாழக்கிழமை தோன்றியது. ஊற்றினேன். அடுத்த வாரமும் ஊற்றினேன். ஆறு மாசம். டேங்குக்குப் போகிற வழியில் பதினைந்து அடிக் குழாய் இருக்கிறது, அது வாட்டம் குறைந்த, சரிவு போதாத குழாய், மாவு கெட்டியானது, போகிற போக்கில் ஒட்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை. நேற்றுத் தண்ணீர் மெதுவாகப் போனது. உடனே ஒரு குண்டா வெந்நீர் வைத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். ஊற்றி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. மாவில் ஆவி பட்டால் என்ன ஆகும்? இட்லி ஆகும். நான் குழாய்க்குள் இட்லி வேகவைத்துவிட்டேன். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ தப்புச் செய்கிறார்கள், இந்தத் தப்பை இன்னொருவன் செய்திருப்பானா என்று யோசித்துப் பார்க்கிறேன். சிரிப்பு வருகிறது, பக்கெட் ஆடுகிறது.

கீறலிலேயே நிற்கிறது. பத்தரை. காலையிலிருந்து ரப்பர் கப்பை வைத்து அழுத்திப் பார்த்தாகிவிட்டது. கொளக் கொளக் என்று சத்தம் போட்டு என் கையைத்தான் வலிக்கவைத்தது. ஆப்பசோடாவும் எலுமிச்சைச் சாறும் ஊற்றினேன், நுரைத்தது, பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நுரை மாவுக்கு என்ன செய்யும், இன்னும் மெத்தென்று ஆக்கும். சலவைச் சோடா எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, டேங்குக்கும் கொஞ்சமாகப் போனால் கெடுதல் இல்லை, ஆனால் இது எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அது உள்ளே போய் எல்லாவற்றையும் கொல்லும். பினாயில் வாசத்துக்குத்தான். ஆசிட். ஆசிட்டை எடுத்தவுடன் மனசு ஒரு இடத்தில் போய் முட்டிக்கொள்கிறது, மூடிக்கு அடியில், சின்னத் தொட்டிக்குள், இரண்டு கால்கள். வேண்டாம். வேறு யோசி. டேங்குக்கும் கிணற்றுக்கும் நாற்பதடிதான். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நான் குளிக்கிறேன், செடிக்கு விடுகிறேன். ஊற்றினால் குழாய் திறக்கும், இல்லையென்று சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊற்றிய அன்றைக்கும் திறந்தது. திறந்த ஒரு மாசத்தில் டேங்கு நாறியது, பொங்கியது, உள்ளே தின்ன ஆள் இல்லாமல் போட்டது போட்டபடி நின்றது, அதனால்தானே டேங்கு வாருகிற குப்பானைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றேனே. வேறு. மாவு. வெந்த மாவு. வெந்த மாவை எது கரைக்கும்? வாயில் போட்டால் எச்சில் கரைக்கிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், மென்று பார்த்திருக்கிறேன், இனிக்கும். பதினைந்தடிக் குழாயில் எவ்வளவு எச்சில் துப்புவது. வெந்த மாவு கஞ்சியாக இருந்தால் ஆற ஆறக் கெட்டியாகும். எல்லாக் கஞ்சியும் ஆறினால் கெட்டியாகும். இல்லை, எல்லாக் கஞ்சியும் இல்லை. ஒரு கஞ்சி இளகும். எங்கே பார்த்தேன். அலுமினியச் சட்டி, கவிதாமணி எட்டு மாசக் குழந்தை, பூவாத்தாள் அரிசி நொய்யைக் கெட்டியாகக் கிண்டி இறக்கிவைத்து, “செத்த ஆறட்டும்” என்று விசிறிவிட்டு, முளைகட்டின ராகி மாவை ஒரு சிட்டிகை தூவிக் கலக்கினாள். கரண்டி நிற்கிற மாதிரி இருந்த கஞ்சி என் கண் முன்னால் இளகித் தண்ணீராகிப் போனது. தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டேன். “ஊத்துலீங்க, இது தானா எளகும். எளகுனாத்தான் புள்ளைக்குத் தொண்டையில எறங்கும்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “ஏன்னா அப்படித்தான்” என்றாள். நான் மறுநாள் சொசைட்டிக்கு அந்த மாவில் கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்துப்போய், சோற்றுக் கஞ்சியில் போட்டு, கடிகாரம் பார்த்தேன். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஆறிப்போனதில் போட்டால் வெகு நேரம் ஆனது. விரல் வைத்தால் சுரீர் என்று எடுக்கிற சூட்டில் போட்டால் பத்தே நிமிஷம். முளைக்கிற விதை தனக்குள் இருக்கிற மாவைக் கரைத்துத் தின்பதற்காக ஒன்றை உண்டாக்குகிறது, அது மற்ற மாவையும் கரைக்கும் என்று பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன, நாற்பது வருஷமாக அதற்கு ஒரு வேலையும் வரவில்லை. எழுந்துவிட்டேன். பக்கெட் உருண்டது.

மோகனா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மிணி, குழந்தைக்கு ராகி முளைகட்டி வைத்திருக்கிறாயா என்றேன். “இருக்குதுங், ஏனுங்க பெரீப்பா, உங்களுக்குக் கஞ்சி வேணுங்களா?” வறுத்து அரைத்ததா, வெயிலில் காயவைத்ததா? “மாடியில காயவெச்சதுதானுங்க. எங்கம்மா வறுக்கோணும்னு சொல்லுச்சு, நாந்தான் சோம்பேறித்தனப்பட்டு உட்டுட்டேன்.” உன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு அம்மிணி, ஒரு தம்ளர் கொடு என்றேன். வறுத்திருந்தால் அந்தச் சக்தி செத்திருக்கும். கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டாள். சலதாரைக்கு என்றேன். ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. “புள்ள திங்கற மாவைச் சலதாரைல ஊத்தப் போறீங்களா?” என்றாள். கரைக்கும், பார், என்றேன். “சலதாரைக்கும் பல்லு மொளைக்குதா பெரீப்பா?” என்று சொல்லிச் சிரித்தாள், குழந்தையும் வாயில் கஞ்சியோடு சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “பன்னண்டு மணிதானுங். அதுக்கு மேல நான் பாக்க மாட்டேன்” என்றாள். அவள் மேல் என்ன தப்பு. அழுக்குத் துணிக்கு ஆராய்ச்சி தெரியாது.

ஓட்டையில் நின்ற தண்ணீரை மக்கில் மொண்டு வாழைக்கு ஊற்றினேன், எட்டினவரைக்கும் பழந்துணியால் ஒற்றி எடுத்தேன். நிற்கிற தண்ணீர் இருந்தால் சூடு ஆறிப்போகும். வெந்நீர் வைத்து, இந்த முறை கொதிக்கவிடாமல், விரல் விட்டு விட்டுப் பார்த்து, சுரீர் என்கிறபோது இறக்கி, ராகி மாவைக் கரைத்து ஊற்றினேன். ஒன்றரைப் படி கொண்டது. ஓட்டையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டேன், சூடு தாங்குவதற்கு. அடைகாக்கிற மாதிரிதான். மணி பதினொன்று ஐந்து. இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை. செய்ய ஒன்றும் இல்லாதபோதுதான் அது வரும், வந்துவிட்டது. கறுத்த, முடி இல்லாத கால்கள், கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு. குப்பான். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், அவனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் குறைவு, பெயர் குப்புசாமி என்று எனக்குத் தெரியும், ஒரு முறை சொசைட்டி வாசலில் வைத்து அவனே சொல்லியிருக்கிறான், சொன்ன பிறகும் குப்பான் என்றுதான் கூப்பிட்டேன். டேங்கு பொங்கின அந்த மழை மாசத்தில் அவனை வரச் சொல்லியிருந்தேன், மறுநாள் காலை வருவதாகச் சொன்னான். அதற்குள் குழாய் மறுபடி நின்றது. இரண்டு பாட்டில் ஆசிட் இருந்தது. அவன் வந்து போகிறவரைக்கும் பொறுத்திருக்கலாம். காலையில் அவன் வருவதற்கு அரை மணி முன்னால் இரண்டையும் ஊற்றினேன். போகும் இடம் அந்தச் சின்னத் தொட்டிதான், அங்கிருந்து டேங்குக்குப் போகிற வாயும் அடைத்திருந்தது, அதனால் ஊற்றியது அத்தனையும் அதற்குள்தான் நிற்கும். இதெல்லாம் தெரியாதவனா நான்? ஆசிட்டை ஊற்றிப் பாலில் கொழுப்புப் பார்த்தவன். தெரியும். அவன் வந்தான், வேட்டியை அவிழ்த்துச் சுவரில் போட்டான், கோவணத்தோடு மூடியை நெம்பினான், முதலில் இதை வாரினால்தான் சாமி அங்கே வழி கிடைக்கும் என்றான், உள்ளே இறங்கினான். முழங்கால் வரைக்கும். இறங்கு என்றும் நான் சொல்லவில்லை, இறங்காதே என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் இரண்டு பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொன்னால் அவன் திரும்பிப் போய்விடுவான், இன்னும் ஒரு நாள் நாற்றம். அவ்வளவுதான் என் கணக்கு. தட்டுக்கு அடியில் ஏதாவது நடக்கிறதா? சாக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு இருக்கிறது. அன்றைக்கு அவன் நாலைந்து சட்டி வாரி வெளியே போட்டான். பிறகு ஒரு காலைத் தூக்கினான், மறு காலைத் தூக்கினான், சூடான மணலில் நிற்கிறவன் மாதிரி. “என்னங்க சாமி ஊத்துனீங்க?” என்றான். ஒன்றுமில்லையே, பழைய சுண்ணாம்பாக இருக்கும் என்றேன். பழைய சுண்ணாம்பு. எங்கிருந்து வந்தது அந்தச் சொல், யோசிக்காமலே வந்தது. “சுண்ணாம்பு இப்படி எரியாதுங்களே” என்று முனகிக்கொண்டே ஏறினான். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றினேன், எட்டத்தில் நின்று, குடத்தோடு. பூவாத்தாள் தேங்காய் எண்ணெயைக் கொட்டாங்கச்சியில் ஊற்றித் தரையில் வைத்தாள், அவன் எடுத்துக்கொண்டான். அவளும் கேட்டாள், என்ன ஆச்சு என்று. சுண்ணாம்பு என்றேன். செத்துப்போகிறவரைக்கும் அவளுக்கு அது சுண்ணாம்புதான். அவன் வேலையைப் பாதியில் விட்டுப் போனான். வேறு ஆள் வந்து முடித்தான், நான் அந்தத் தொட்டியின் மூடியைப் பூசினேன். சில மாசம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில், ஒரு காலில் அழுக்குத் துணி சுற்றிக்கொண்டு, குப்பான் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் சைக்கிளைத் திருப்பி மாரியம்மன் கோயில் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். சுற்று வழி ஒன்றரை மைல்.

தட்டை எடுத்துப் பார்க்கிறேன். மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம். ராகித் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. சூட்டில் ஆவியாகிப் போனதா, குழாய்க்குள் இறங்கிப் போனதா? ஈர்க்கை மறுபடி செருகி அடையாளம் வைக்கிறேன். விரலை விட்டுப் பார்த்தால் ஓட்டையின் ஓரத்தில் முன்பு களி மாதிரி இருந்தது இப்போது வழுவழுவென்று கையோடு வருகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது, இனிக்கும், கட்டாயம் இனிக்கும். வைக்கவில்லை. மோகனா வந்துவிட்டாள். குழந்தை இடுப்பில் தூங்குகிறது, கையில் பாட்டில், மூடி அரைத் திருகு திறந்திருக்கிறது, வாசம் மூக்கில் ஏறுகிறது. “நவுருங்க பெரீப்பா. கொழாய்ல காத்து வர ஆரம்பிச்சிருச்சு, தண்ணி வந்துரும்.” இன்னும் அரை மணி கொடு அம்மிணி என்றேன். “அரை மணிக்குள்ள தண்ணி நின்னுருமுங்க. ஒரே ஒருக்கா ஊத்தறதால உங்க டேங்குக்கு என்னங்க ஆயிரப் போகுது?” டேங்கு, உயிர்கள், கிணறு, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது, சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டே ஊற்றியிருப்பாள். நான் சொன்னது வேறு. அடைத்தவன் நான்தான் என்றேன். மாவு ஊற்றினேன், வெந்நீர் ஊற்றினேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். பிறகு மற்றதையும் சொன்னேன். தொட்டியைக் காட்டி, பூசிய மூடியைக் காட்டி, இரண்டு பாட்டில், அரை மணி நேரம், முழங்கால், சுண்ணாம்பு. இவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்துவிடக்கூடிய ஒன்றா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு பக்கெட் நிறைகிற நேரம்கூட ஆகவில்லை. அவள் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினாள். கீழே வைத்தாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“காலு ஆறுச்சுங்களா அவருக்கு?”

“தெரியல அம்மிணி.”

“இப்ப எங்க இருக்காருங்க?”

“தெரியல.”

“இந்த ஊருதானுங்களே?”

“இந்த ஊருதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். “பாலு ஏன் திரியுது, கஞ்சி ஏன் எளகுது, ராகி வறுத்ததா காயவெச்சதான்னு எல்லாம் கேக்கறீங்க. முப்பது வருசத்துல ஒருநடை போயி, கால் என்னாச்சுன்னு கேக்கலீங்களா பெரீப்பா?”

அப்போதுதான் ஓட்டைக்குள் அந்தச் சத்தம். பெரிய ஏப்பம் மாதிரி ஒன்று, பிறகு உறிஞ்சுகிற சத்தம். “அய்யோ, போகுதுங்க, போகுதுங்க!” என்று மோகனா கத்த, குழந்தை முழித்து அழ, அதே நேரம் தெருப்பக்கக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அவள் துணியை எடுக்க ஓடினாள். ஈர்க்கு ஓட்டைக்குள் சாய்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போனது. வெள்ளையாகப் போகிறதா, பழுப்பாகப் போகிறதா, கட்டியாகப் போகிறதா, குனிந்தால் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றுதான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், இருக்கிறானா. யாரிடமாவது கேட்க வேண்டும். குப்பான் என்று கேட்டால் காட்டுவார்களா? எத்தனை குப்பான்கள் இருப்பார்கள். அப்பன் பெயர் தெரியாது. கால் சரியில்லாதவன் என்று சொல்லிக் கேட்பதா? அதை நான் எப்படிச் சொல்வேன். “எங்க பெரீப்பா, வெயில்ல?” என்று மோகனா துணிக் குவியலுக்கு நடுவிலிருந்து குரல் கொடுக்கிறாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறேன். குப்புசாமிங்கறவரு வீடு எதுங்க? வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். முதல் தடவை ‘குப்புசாமிங்கறவன்’ என்றுதான் வருகிறது. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். வாசல் கேட்டைத் திறந்து, வெயிலில் இறங்கி, இன்னொரு தடவை.